விதி ஏழின்படி கருணை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செய்தது எதுவும் விதிமீறல் இல்லை. விசாரணைக்கு வந்த இரண்டு அதிகாரிகளிடமும் இதைத்தான் சொன்னேன். அவர்கள் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் வாரியத் தலைவரின் கையெழுத்து. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இருபத்திரண்டு வருடம் நான் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் இருந்தவள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல்செட் என்று எது வந்தாலும் சீட்டு எழுதிக் கட்டி அலமாரியில் வைப்பது என் வேலை. கறுப்புக் குடைக்கும் கருநீலக் குடைக்கும் வித்தியாசம் பார்த்து எழுதுகிறவள் என்று எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் வினையாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை என்னை உணர்வு இயந்திர வாரியத்துக்கு மாற்றிவிட்டார்கள். "அங்கேயும் சீட்டு எழுதற வேலைதாம்மா, குடைக்குப் பதிலா கோபம், அழுகைன்னு வரும், அவ்வளவுதான்," என்றார் மாற்றல் உத்தரவைக் கொடுத்தவர்.

மனிதனைப் போலவே நினைக்கவும் உணரவும் கூடிய ஓர் இயந்திரத்தை வாரியம் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தது. அது தயாரானதும் எல்லா அரசு அலுவலகக் கவுன்ட்டரிலும் உட்கார்ந்து, குறையோடு வரும் ஜனங்களிடம் பரிவாகப் பேசும் என்பது திட்டம். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற மனிதர்களையே பரிவாகப் பேசச் சொன்னால் என்ன என்று சேர்ந்த அன்றே வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அது நடைமுறைக்கு ஒத்துவராது," என்றார் சூப்பரின்டெண்ட். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார், அப்படிப்பட்ட விசுவாசி.

இயந்திரத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. ஊழியர்கள் அதை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். தனி ஏசி அறை, பக்கத்தில் போனால் எல்லோரும் கைகட்டி நிற்பது, சதா குளிரக் குளிர உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது என்று எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்குப் பாடம் நடப்பது இப்படி. கட்டடம் முழுக்கக் கூரையில் மைக். யார் எங்கே என்ன பேசினாலும் பதிவாகும். அந்தப் பதிவுகள் துண்டு துண்டாக என் மேஜைக்கு வரும். நான் ஹெட்போனில் கேட்டு, இது பயம், இது சலிப்பு, இது பொறாமை என்று சீட்டுப் போட வேண்டும். நிரல் எழுதுகிற என்ஜினியர், நாற்பது வயதிலேயே தலை வழுக்கையானவர், எனக்கு முதல் நாளே விளக்கினார். "அதுக்கு சொந்தமா ஒண்ணும் தெரியாதும்மா. நீங்க வேப்பெண்ணெய் பாட்டில்ல தேன்னு எழுதி ஒட்டினா, தேன்னா கசக்கும்னு நம்பிடும். அதனால பாத்து எழுதுங்க."

பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் என்னென்ன எழுதலாம் என்பதை முடிவு செய்ய ஒரு கமிட்டி இருந்தது. மனிதருக்கு மொத்தம் எத்தனை உணர்ச்சி என்று தீர்மானிக்க அது ஒன்பது முறை கூடியது. பொறாமை எங்கள் துறையில் யாருக்கும் கிடையாது என்று ஏகமனதாக முடிவாகி அதை நீக்கினார்கள். காதல் வேறு துறையின் அதிகார வரம்புக்குள் வருகிறது என்று கோப்பை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். துக்கத்தை நிரந்தர ஊழியர் துக்கம், தற்காலிக ஊழியர் துக்கம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் தலைவர் பேசியது என் மேஜைக்கு வந்தது. அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நான் இந்த நாற்காலியில உக்காந்து பதினாலு வருஷம் ஆச்சு. இது வரைக்கும் ஒரு ஆள்கூட என் முன்னாடி அழுததில்லை. ஏன்? அழறவங்களை நான் உள்ளேயே விடறதில்லை. அதனாலதான் சொல்றேன், துக்கத்தைப் பத்தி எனக்கு நடுநிலையான பார்வை இருக்கு."

பிறகு அழுகைப் பதிவுகள் போதவில்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பிரிவும் தினமும் மூன்று மணியிலிருந்து மூன்று பத்து வரை அழ வேண்டும். பதிவறைக்காரர்கள் பத்து நிமிடத்தில் நிறுத்த முடியாமல் நாலு மணி வரை அழுதார்கள், அவர்களுக்கு மெமோ கொடுத்தார்கள். வாசலில் இருந்த காவலாளிக்கு அழ வரவில்லை. "எனக்கு ஒரு குறையும் இல்லையே சார்," என்றாராம். அவரைத் தொலைவான கிளைக்கு மாற்றினார்கள். மறுநாள் மூன்று மணிக்கு முதல் ஆளாக அழுதார்.

இதையெல்லாம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் போனில் சொல்வேன். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். பெரிய குரல். சிரித்தால் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். "ஏய் வாலு, அந்த மெஷின்கிட்ட என்னைப் பேச விடு, நான் நாலு நாள்ல அதை மனுஷனாக்கறேன்," என்பாள். அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். அந்த வருடம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அத்தான் கூப்பிட்டார். உடனே வா என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முந்தின வாரம் என் வீட்டுக்கு வந்தபோது அக்கா மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அன்று அதைக் கைப்பையில் போட்டிருந்தேன். பையை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். சூப்பரின்டெண்டும் உள்ளே இருந்தார்.

"சார், எங்க அக்காவுக்கு ரொம்ப முடியலை. ஆஸ்பத்திரியில உடனே வரச் சொல்றாங்க."

"அக்காவா?" தலைவர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். விரலை வைத்து வாசித்தார். "அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளை. அக்கா இல்லையே."

"அரை நாள் போதும் சார்."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்லை சார்."

"அப்புறம்? நீங்க போய்ப் பக்கத்துல நின்னா அவங்க எழுந்து உக்காந்துடுவாங்களா? ஹெ ஹெ ஹெ."

தலைவரின் சிரிப்பு எப்போதும் மூன்று துண்டாக வரும். சூப்பரின்டெண்டும் கூடவே சிரித்தார்.

"சார், கெஞ்சிக் கேக்கறேன்."

"போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க. வேலை செஞ்சா மனசு லேசாயிடும். இது என் அனுபவம்."

போய் வேலையைப் பார்த்தேன். ஒன்று நாற்பதுக்கு அக்கா போய்விட்டாள். அத்தான் பிறகு சொன்னார். "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாம்மா. கண்ணாடி வேற இல்லை. யார் உள்ளே வந்தாலும் நீதான்னு நினைச்சு கையைத் தூக்கினா." அவர் என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், அதனால் சொன்னார்.

காரியம் எல்லாம் முடிந்து வேலைக்கு வந்த இரண்டாவது நாள், பதிவு எண் 3319 என் மேஜைக்கு வந்தது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். "சார், எங்க அக்காவுக்கு ரொம்ப முடியலை," என்று என் குரல் கேட்டது. மூன்று முறை கேட்டேன். பிறகு சீட்டு எழுதினேன். பெண் குரல், கெஞ்சல். தலைவர் குரல், கொடூரம்.

மறுநாள் அது சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. கூடவே சூப்பரின்டெண்டும் வந்தார்.

"என்னம்மா இது? விதி ஏழு படிச்சீங்களா இல்லையா? ஆறாம் நிலைக்கு மேல இருக்கிற அதிகாரி குரலுக்குக் கோபம், சலிப்பு, அகங்காரம், கொடூரம் இந்தச் சீட்டெல்லாம் போடக் கூடாது. தலைவர் குரலுக்கு மூணே மூணுதான். கருணை, பணிவு, தொலைநோக்கு."

"தொலைநோக்கு உணர்ச்சியா சார்?"

"அவருக்கு அது உணர்ச்சிதான். இதுல கருணைன்னு போடுங்க. அப்புறம், உங்க குரலுக்குக் கெஞ்சல்னு போட்டிருக்கீங்களே, அதையும் மாத்துங்க. கருணைக்குப் பதிலா என்ன வரும்? நன்றிதானே வரும்? நன்றின்னு போடுங்க."

எனக்கு அழுகை வரவில்லை. இவனை விடக் கூடாது என்று தோன்றியது. தலைவர் எனக்குள் இவன் ஆனது அந்த நிமிடத்தில்தான். ஆனால் வாயில் மரியாதை குறையவில்லை.

"சரி சார். எழுத்துல குடுத்துடுங்க. பழைய பதிவுகளுக்கும் சேத்து."

தலைவருக்கு ஒரே சந்தோஷம். என்னைக் கூப்பிட்டு அனுப்பி, ஊழியர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். "சொந்த துக்கத்தையே ஒதுக்கி வெச்சுட்டு விதியைப் பத்திக் கேக்கறாங்க பாருங்க!" உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தலைவரின் எல்லாப் பதிவுகளும், ஆறு வருடத்துப் பழையவை உட்பட, விதி ஏழின்படி மறுபடி சீட்டிடப்பட வேண்டும்.

தோண்ட ஆரம்பித்தேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பதிவுகள் கிடைத்தன. காய்ச்சலோடு வந்த துப்புரவுக்காரியிடம், "தெர்மாமீட்டரை என்கிட்ட காட்டாதே, துடைப்பத்தைக் காட்டு," என்றது. கருணை. எட்டு மாதக் கர்ப்பிணி டைப்பிஸ்ட் நாற்காலி கேட்டதற்கு, "நின்னுகிட்டே டைப் அடிச்சா பிரசவம் சுலபமா ஆகும்," என்று சிரித்தது. கருணை. மகன் விபத்தில் மாட்டிக்கொண்ட டிரைவரிடம், "முதல்ல என்னை வீட்டுல விட்டுட்டு அப்புறம் பதறு," என்றது. கருணை. மந்திரியிடம் போனில் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசிய பதிவுகளுக்குப் பணிவு என்று போட்டேன். அந்த அலுவலகத்திலேயே பொய் இல்லாத சீட்டு அது ஒன்றுதான். கூட்டங்களில் அவர் குறட்டை விட்ட பதினொரு பதிவுகளுக்குத் தொலைநோக்கு.

எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினேன். மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு 'கருணை' எழுதும்போதும் அக்கா கையைத் தூக்குவது தெரியும். இன்னும் அழுத்தி எழுதுவேன்.

ஒரே ஒரு இடத்தில் கை நின்றது. கேன்டீன்காரம்மா அந்தத் துப்புரவுக்காரியிடம், "நீ இப்படி உக்காரு, நான் பெருக்கிடறேன்," என்று சொல்லும் பதிவு. எட்டு வினாடிதான். அதற்கும் கருணை என்று எழுதி என்ஜினியரிடம் கொடுத்தேன். "இதை அது நல்லா கேட்டுக்குமா சார்?" என்று கேட்டேன்.

"கேக்காதும்மா. பதவியைப் பொறுத்துத்தான் எடை. கேன்டீன்காரம்மா குரலுக்கு ஒண்ணு, தலைவர் குரலுக்கு நூறு. கமிட்டி முடிவு." அவர் என் பெட்டியில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளையும் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். "தெரிஞ்சுதான் செய்யறீங்களா?"

"விதிப்படி செய்யறேன் சார்."

"எங்க அப்பா செத்தப்போ எனக்கு ஒன்றரை மணி நேரம் பெர்மிஷன் குடுத்தாரு. தூக்கிட்டுப் போறதைப் பாதியிலேயே விட்டுட்டு வந்தேன்." சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அறைக்குள் போனார்.

மாப்பிள்ளை படித்து முடித்து வாய் திறந்தபோது குரலும் தலைவர் குரலாகவே இருந்தது. நூறு பங்கு எடை சும்மா போகுமா? சூப்பரின்டெண்டுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலைவர், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். "நல்லா பேசறான்," என்றார்.

சோதனைக்காக மூன்று கவுன்ட்டரில் வைத்தார்கள். நானும் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். ஒரு வயதானவர் தன் மனைவியின் இறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக இருக்கிறது என்று வந்தார். "இத்தனை மாசமா தூங்கிட்டு இருந்தீங்களா?" என்றது மாப்பிள்ளை. "போனவங்க வந்து கேக்கப் போறாங்களா என்ன? ஹெ ஹெ ஹெ. அடுத்த ஆள்." பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பிடித்து, ஐயா, இது உங்களுக்காகச் செய்தது இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அந்தக் குற்றம் என்னுடையதுதான், யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

இயந்திரம் மாட்டிக்கொள்ளும், தலைவர் மாட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துக் கருத்துக்கணிப்பு வந்தது. 'கவுன்ட்டரில் முன்பு இருந்த மனிதருக்கும் இப்போது இருக்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா?' ஆயிரம் பேரைக் கேட்டதில் தொள்ளாயிரத்து எண்பத்தொரு பேர் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார்கள். மீதிப் பத்தொன்பது பேர் இது தேவலை, டீ குடிக்கப் போவதில்லை என்றார்கள்.

வாரியம் கொண்டாடித் தீர்த்துவிட்டது. பெரிய மண்டபம், மாலை, பத்திரிகைக்காரர்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"மனுஷனா மெஷினான்னு கண்டுபிடிக்க முடியாத ஒரு மெஷினைச் செய்யணும்னு எல்லாரும் கனவு கண்டாங்க. நம்ம ஜனங்களால கண்டுபிடிக்க முடியலை! எங்க ஊழியர்களும் மெஷினும் ஒண்ணேதான்னு ஜனங்களே சொல்லிட்டாங்க! இதைவிட என்ன பாராட்டு வேணும்? அதனால இன்னிக்கு ஒரு முடிவு எடுத்திருக்கேன். விதி கல்நெஞ்சுக்காரன். விதிக்கு அப்பா தெரியும், அம்மா தெரியும், அழுகை தெரியாது. இனிமே நம்ம வாரியத்துல லீவுக்கு விதி கிடையாது. இந்த இயந்திரத்தோட கருணைதான். அதுக்கு மேல அப்பீல் கிடையாது. முதல் ஆளா நானே கட்டுப்படறேன்!"

சொல்லிவிட்டு லீவு விதிப்புத்தகத்தை மேடையிலேயே இரண்டாகக் கிழித்தார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கைதட்டல் பதிவு என் மேஜைக்கு வந்தபோது மகிழ்ச்சி என்று சீட்டுப் போட்டேன். அதிலும் பொய் இல்லை. அந்த நிமிடம் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மீன் தானாகவே வந்து கூடைக்குள் படுத்துக்கொண்டால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வாரம். ஒரு வியாழக்கிழமை காலை தலைவர் மனைவிக்கு நெஞ்சு வலி வந்து, மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குத் தலைவர் மாப்பிள்ளையின் அறைக்குப் போனார். துணைக்கு சூப்பரின்டெண்ட். குறிப்பெடுக்க நான்.

"என் மனைவிக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன். நான் போகணும்."

"கத்தியை டாக்டர் பிடிக்கறாரா, நீங்க பிடிக்கறீங்களா?" என்றது தலைவர் குரல்.

"டாக்டர்தான். ஆனா..."

"அப்போ உங்களுக்கு அங்கே என்ன வேலை? தரையைத் தேய்க்கவா? ஹெ ஹெ ஹெ."

பக்கத்தில் நின்ற சூப்பரின்டெண்ட் பழக்கதோஷத்தில் கூடவே சிரித்துவிட்டார். தலைவர் திரும்பிப் பார்த்தார். சூப்பரின்டெண்டுக்கு இரண்டு தலைவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. நடுவில் இருந்த சுவரைப் பார்த்தார்.

"அவ பயந்துட்டு இருக்கா. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி நான் பக்கத்துல இருக்கணும்னு கேட்டா."

"அதான் மயக்கம் வரப்போகுதே. நீங்க இருந்தீங்களா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. அடுத்த ஆள்."

தலைவர் வெளியே வந்து, விதிப்புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்று கத்தினார். பழைய விதியில் மனைவி உண்டு. விதிப்படி போயிருந்தால் அரை நிமிடத்தில் லீவு கிடைத்திருக்கும். கருணைப்படி போனதால்தான் கிடைக்கவில்லை. "அதை நீங்கதான் சார் மேடையில கிழிச்சீங்க," என்றார் சூப்பரின்டெண்ட், தரையைப் பார்த்துக்கொண்டே.

மணி ஒன்றானபோது தலைவர் என் மேஜைக்கு வந்தார். நான் வாரியத்தில் சேர்ந்த பிறகு அவர் அந்த அறைக்கு வந்தது அன்றுதான். வந்தவர் உட்கார இடம் தேடினார். நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன்.

"அம்மா, அந்தச் சீட்டை எல்லாம் மாத்திடுங்க."

"மாத்தலாம் சார். மறுசீட்டு மனு, மூணு பிரதி. அப்புறம் கமிட்டி கூடணும். அதுக்கப்புறம் அது மறுபடி படிக்கணும், நாலு வாரம் ஆகும்னு என்ஜினியர் சொல்றார்."

"அப்படி என்னதான் எழுதி வெச்சீங்க அதுல?"

நான் 3319ஐ எடுத்துப் போட்டு ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்காகத்தானே இத்தனை மாதம்? ஒரு சொட்டுக் கண்ணீர், ஒரு தலைகுனிவு, ஏதாவது ஒன்று வரும் என்று பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

அவரை அடிக்காமல் எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வாசல்ல புதுக் காவலாளிதான் சார் இருக்கார். அவர் உங்களைப் பிடிச்சு நிறுத்த மாட்டார். எழுந்து போங்க. இப்பவே கிளம்பினா ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்துடலாம்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். நிஜமாகவே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். தனக்கு ரிட்டையர்மென்டுக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது, பதவி நீட்டிப்புக் கோப்பு மேலே போயிருக்கிறது, அனுமதி இல்லாமல் வெளியே போனால் இயந்திரம் தானாகவே சர்வீஸ் புத்தகத்தில் ஏற்றிவிடும் என்றார். "நானே மீறினா மெஷின் தப்புன்னு ஆயிடும்மா. அறுபது ஊருக்கு ஆர்டர் வாங்கியிருக்கோம். பத்திரிகையெல்லாம் பாத்துட்டு இருக்கு." சொல்லச் சொல்ல என் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு என்னையும் யாரும் பிடித்துக் கட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக வெளியே போயிருக்கலாம். மிஞ்சிப்போனால் வேலை போயிருக்கும். அந்தப் பயத்தில்தான் திரும்பி வந்து சீட்டு எழுதினேன். அவரைச் சபித்த அத்தனை நாளும் இதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அதற்காக அவர்மேல் இருந்த ஆத்திரம் ஒரு துளிகூடக் குறையவில்லை. என்மேலும் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான்.

பையை எடுத்தேன்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. உங்க வீட்டம்மாகிட்ட யாராவது இருக்கணுமே."

"லீவு கேட்டீங்களா?"

"கேக்கலை சார்."

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "நல்லதாப் போச்சு. அவகிட்ட, மந்திரி வந்திருக்கார், முக்கியமான கூட்டம்னு சொல்லுங்க. சரியா? மந்திரின்னு மறக்காம சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேரும்போது ஒன்று ஐம்பது. அந்த அம்மாவைத் தள்ளுகட்டிலில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒல்லியான, சின்ன உருவம். என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது.

"நீங்க யாரு?"

"சார் ஆபீஸ்ல வேலை பாக்கறேம்மா. நீங்க தைரியமா போயிட்டு வாங்க. நான் இங்கேயேதான் இருக்கப் போறேன்."

உள்ளே போகிற வரைக்கும் கையை விடவில்லை. அக்காவின் கையைப் பிடித்ததாக நினைத்துக்கொள்ள முயன்று பார்த்தேன். முடியவில்லை. இது இந்த அம்மாவின் கை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து மணிக்குக் கண் விழித்தார். உதடு காய்ந்திருந்தது, பஞ்சை நனைத்துத் தடவினேன். மந்திரியும் கூட்டமும் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தார்கள்.

"அவர்?" என்றார் அந்த அம்மா.

"ஆபீஸ்ல இருக்காரும்மா. லீவு கிடைக்கலை."

"லீவு கிடைக்கலையா? அவருக்கா?" பேச மூச்சு வாங்கியது, ஆனாலும் கேட்டார். "யாரு குடுக்கலை?"

"அவர்தாம்மா."

அந்த அம்மா விளக்கம் எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதரோடு எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருப்பார், அவருக்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது?

"ஆபீஸ் முடிஞ்சு ஆறு மணிக்கு வருவார்," என்றார். "வந்தா, நான் யாரையும் பாக்கறதா இல்லைன்னு நர்ஸை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. நீங்க இருங்க."

இருந்தேன்.